பம்பருக்குக் கீழே இறக்கிய குழாய்

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம், நீயும் அங்கே நலமாக இருக்க வேண்டும் என்று ஆரம்பித்துத்தான் பழக்கம். இந்தத் தடவை முதல் பாதியை மட்டும்தான் கை தைரியமாக எழுதுகிறது. இரண்டாவது பாதியை நினைத்து ஐந்து நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. மேலே படிப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய். எழுந்து போய் வண்டிச் சாவியை எடுத்து, கைக்குச் சுலபமாக எட்டாத இடத்தில் வை. அலமாரியின் மேல்தட்டோ பெட்டிக்கு அடியோ, எங்கேயாவது. வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து படி. இந்தத் தாள் தபாலில் வர நான்கு நாள் ஆகும், மழை அவ்வளவு நாள் காத்திருக்காது, அதனால் எழுதி முடித்ததும் உன் அப்பா பக்கம் பக்கமாகப் படமெடுத்து இன்றைக்கே போனில் அனுப்பிவிடுவார். தாளும் ஒரு பார்சலும் பின்னால் வரும். பார்சலில் என்ன இருக்கிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்பாவின் முதுகு பழையபடிதான். காலையில் நிமிர அரை மணி நேரம் ஆகிறது, நிமிர்ந்த பிறகு வாய் ஓய்வதில்லை. சித்தி ஞாயிற்றுக்கிழமை வந்தாள், வந்த காரியம் உனக்குத் தெரியும், உன் கல்யாணம்தான். நான் மிக்ஸியை ஓட்டினேன். நிறுத்தியதும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள், மறுபடி ஓட்டினேன். அரைப்பதற்கு எதுவும் இல்லாமல் வெறும் மிக்ஸியை ஓட்டுகிறாள் உங்கள் அக்கா என்று அப்பா காட்டிக்கொடுத்துவிட்டார். இதையெல்லாம் எழுதுவது, சொல்ல வேண்டியதைக் கொஞ்சம் தள்ளிப் போடுவதற்காகத்தான். வெள்ளிக்கிழமை போனில், உன் வண்டி இன்ஜினில் மாட்டியிருக்கிற அந்தக் காற்றுக் குழாயைக் கழற்றிவிடு என்றேன். ஏம்மா என்று கேட்டாய். சும்மாதான் என்றேன். "சும்மாவெல்லாம் கழற்ற முடியாதும்மா, இப்பத்தான் வண்டி வண்டி மாதிரி சத்தம் போடுது" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். சும்மா இல்லை வாலு. காரணம் இருந்தது, அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் என் பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தக் குழாயை நீ கேட்கவில்லை, நானாகத்தான் அனுப்பினேன். சரக்குக் கிடங்கு வாசலில் நீ வண்டியை நிறுத்தும்போது கூட வேலை பார்க்கிறவர்கள் தையல் மெஷின் வந்துடுச்சு, யாருக்காவது பட்டன் தைக்கணுமா என்று கேலி செய்வதாக ஒருநாள் சொன்னாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய், ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் உன் செருப்பைக் கேலி செய்தபோதும் அப்படித்தான் சிரித்தாய். உன் சம்பளத்தில் நீயே பார்த்து வாங்கிய பழைய சின்ன கார், அதை எவனோ பட்டன் தைக்கக் கூப்பிடுவது எனக்கு ஆகவில்லை. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அப்போதுதான் அந்தக் குழாய்கள் வந்து இறங்கியிருந்தன. ஓரத்தில் கீறல் விழுந்த ஒன்றை வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று முதலாளி சொன்னார், நான் உன் பிறந்தநாளுக்கு என்று சுற்றிக் கட்டினேன். அப்பா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அந்த வண்டிக்கு மூச்சுத் திணறுதுன்னு உன்கிட்ட யாரு சொன்னா, ஒரு லிட்டர் இன்ஜினுக்கு எதுக்குடி யானைத் தும்பிக்கை" என்றார். "தும்பிக்கை கீழ போனா தண்ணி குடிக்கத்தான் போகும்" என்றும் சொன்னார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள் என்று நான்தான் அடக்கினேன். பதினெட்டு வருஷம் அதே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர், கியர்பாக்ஸைத் தனியாகத் தூக்கச் சொல்லித் தூக்கி முதுகு போனவர், அவர் சொன்னதைக் கேலிப் பேச்சு என்று தள்ளிவிட்டேன். அப்புறம் வீடியோ காலில் உன்னை வைத்து நானே பொருத்தினேன். போனைப் பம்பருக்கு அடியில் பிடி என்று சொன்னது நான். சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மறைப்பு குழாயை இடிக்கிறது என்றாய், அதைக் கழற்றி ஓரமாக வை என்று சொன்னதும் நான்தான். இன்னும் கீழே இறக்கு, கீழேதான் குளிர்ந்த காற்று இருக்கும் என்றேன். முதலாளி எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த வசனம் அது, அதை அப்படியே என் மகளுக்கு ஒப்பித்தேன்.

இப்போது உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், இருபது வருஷத்தில் பாதி நாள் கார் பாகங்களைக் கழுவியும் மீதி நாள் ஸ்பேனர் பிடித்தும் தெரிந்துகொண்டது. சின்ன காருக்கு அந்தக் குழாயால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்த இன்ஜினுக்கு எவ்வளவு காற்று வேண்டுமோ அவ்வளவையும் நீ கழற்றி வைத்த, கம்பெனிக்காரன் கொடுத்த கறுப்பு ஏர் ஃபில்டர் பெட்டியே கொடுத்துவிடும். பெரிய இன்ஜின், பந்தயத்துக்கு என்று நாலு இடத்தில் மாற்றிக் கட்டிய வண்டி என்றால் அது வேறு பேச்சு. உன் வண்டியில் மாறுவது சத்தம் மட்டும்தான். பெட்டி அடக்கி வைத்திருந்த உறிஞ்சல் சத்தம் வெளியே கேட்கிறது, கேட்டதும் வண்டி பாய்கிறது என்று மனசு நம்புகிறது, கால் தானாக அழுத்துகிறது, பெட்ரோல்தான் கூடுதலாகப் போகிறது. இது தெரிந்துதான் எங்கள் வாசலில் மைலேஜ் கூடும் என்று பலகை வைத்திருக்கிறார்கள். பெரிய கார்க்காரனிடம் அந்தப் பலகை செல்லாது, அவன் மைலேஜ் பார்க்கிற ஆள் இல்லை. பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து ஓட்டுகிறவனிடம்தான் செல்லும். பிழைப்புக்காக வண்டி ஓட்டுகிறவனின் பயத்தைப் பார்த்து அதற்குத் தகுந்த மாதிரி சாமான் செய்து விற்கிறார்கள். எண்ணெய் மாற்ற வருகிற ஒவ்வொரு சின்ன காருக்கும் இதைத் தலையில் கட்டியாக வேண்டும், கட்டாதவருக்கு அந்த வாரம் சனிக்கிழமை அரைநாள் லீவு கிடையாது என்பது முதலாளியின் உத்தரவு. பொருத்துகிற கை என் கை. கேள்வி கேட்கிறவர் வந்தால் அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிற வாயும் என் வாய்.

அப்படிக் கேட்ட ஒருவர்தான் ரத்த மாதிரி டப்பாக்காரர். நீ அவரைப் பார்த்ததில்லை. சின்னச் சின்ன கிளினிக்குகளில் எடுக்கிற ரத்தத்தையெல்லாம் ஐஸ் டப்பாவில் வைத்து லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். உன்னுடையது மாதிரியே கார், நிறம்கூட அதே வெளுத்த நீலம். நாளெல்லாம் ஓடுகிற வண்டி, மைலேஜ் என்றதும் நின்று கேட்டார். நான் குழாயைப் பம்பருக்குப் பின்னால் இறக்கிப் பொருத்திக்கொண்டிருந்தபோது குனிந்து பார்த்து, "அக்கா, இவ்வளவு கீழ இருக்கே, மழையில ஒண்ணும் ஆகாதே?" என்றார். முதலாளி என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஒண்ணும் ஆகாது என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "என் பொண்ணு வண்டிக்கே இதைத்தான் அனுப்பியிருக்கேன்" என்றேன். அதற்கப்புறம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு தாய் சொன்னால் யார்தான் மேலே கேட்பார்கள். உன்னைக் காட்டித்தான் அவரை நம்ப வைத்தேன், வாலு.

போன புதன்கிழமை மத்தியானம் இங்கே ஒரு மணி நேரம் மழை அடித்து ஊற்றியது. ரயில் பாலத்துக்கு அடியில் போகிற சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டது, அங்கே தண்ணீர் வடிகிற கம்பி மூடி அடைத்து மூன்று வருஷம் ஆகிறது, எழுதிக் கொடுத்துக் கொடுத்து எங்களுக்குக் கை வலித்ததுதான் மிச்சம். முன்னால் ஒரு பஸ் போனது, அதன் பின்னாலேயே இவரும் போயிருக்கிறார். தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் இருந்ததாம், இதே பாதையில் இதே அளவு தண்ணீரில் நாலைந்து தடவை போன தைரியம். அதெல்லாம் குழாய் போடுவதற்கு முன்னால். நடுவில் போனதும் டக்கென்று ஒரே ஒரு சத்தம், இன்ஜின் நின்றுவிட்டது. இரண்டு பக்கச் சரிவிலிருந்தும் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சீட்டுக்கு வந்துவிட்டது. கதவைத் தள்ளினால் தண்ணீர் திரும்பத் தள்ளுகிறது. கண்ணாடி இறங்கவில்லை. சீட்டில் தலை சாய்க்கிற திண்டைப் பிடுங்கி அதன் கம்பியால் கண்ணாடியை உடைத்து, கை கிழிந்து, டப்பாவைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறார். டப்பாவை ஏன் தூக்கினீர்கள், உயிர் போகிற நேரத்தில் என்று கேட்டதற்கு, "அடுத்தவங்க ரத்தம்ணே, இன்னொரு தடவை ஊசி குத்திக்கங்கன்னு நாப்பது பேருகிட்ட போய் சொல்ல முடியுமா" என்றாராம் இழுவை வண்டிக்காரரிடம். வண்டி என் இடத்துக்குத்தான் வந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்ற வைத்தேன், பழுப்புத் தண்ணீர் மேலே விளக்கு வரைக்கும் பீய்ச்சி அடித்தது, என் முகமெல்லாம் தண்ணீர். காற்று போக வேண்டிய இடத்தில் தண்ணீர் போனால் பிஸ்டன் அதை அழுத்தப் பார்க்கும், தண்ணீர் அழுந்தாது, இரும்புதான் வளையும். உள்ளே பிஸ்டனைத் தாங்குகிற ராடு வளைந்திருந்தது. குழாயின் வாயில் ஈர இலை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு ஸ்கேல் வைத்து அளந்தேன். தரையிலிருந்து குழாயின் வாய் இருபத்திரண்டு சென்டிமீட்டர். பழைய பெட்டியின் வாய் ஹெட்லைட்டுக்கு மேலே, எழுபதுக்குக் கிட்ட. அந்த ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் உன் சுவர்க்கோடு ஞாபகம் வந்தது.

நீதான் சொல்லியிருக்கிறாய், கிடங்குக்குப் போகிற ரோடு பாலத்துக்கு அடியில் இறங்கி ஏறும், சுவரில் தண்ணீர் அளவுக்கு மஞ்சள் கோடுகள் போட்டிருக்கிறார்கள், இரண்டாவது கோடு வரைக்கும் தண்ணீர் நின்றால் உன் வண்டி தாராளமாகப் போகும், எத்தனையோ தடவை போயிருக்கிறேன் என்று. இரண்டாவது கோடு எவ்வளவு உயரம் என்று கேட்டதற்கு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே என்றாய். அந்தக் கணக்கு அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது அந்தக் கணக்கே செல்லாது, வாலு. அந்தக் கோட்டுக்குத் தண்ணீர் வந்தால் உன் குழாயின் வாய் முழுக்க உள்ளே இருக்கும். முதல் கோட்டிலேயே நின்றாலும் எதிரே ஒரு லாரி அலை கிளப்பிக்கொண்டு வந்தால் போதும். விடியற்காலை ஷிப்ட், ரோட்டில் ஆள் இருக்காது, உனக்கு அந்தக் கோட்டின் மேல் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு அடியில் போய் நான் குழாயை இறக்கி வைத்திருக்கிறேன்.

இவ்வளவு தெரிந்தும் வெள்ளிக்கிழமை சும்மாதான் என்றேனே, அது எப்படி என்று கேட்பாய். வியாழக்கிழமை, வண்டிக்கு என்ன ஆனது என்று ஜாப் கார்டு எழுதும்போது முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து, "தண்ணிக்குள்ள விட்டது அவன் தப்பு, அப்படியே எழுதும்மா, குழாயைப் பத்தி எதுக்கு" என்றார். எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். எழுதிய பிறகு அதுதான் நடந்தது என்று நானே நம்பிக்கொள்ளப் பார்த்தேன். உன்னிடம் காரணம் சொன்னால் அந்தக் கார்டு பொய் என்றாகிவிடும், வேலை போகும், அப்பாவின் மருந்து நிற்கும் என்று என்னென்னவோ ஓடியது. என் மகளின் உயிரை ஒரு பக்கமும் அந்தத் தாளை இன்னொரு பக்கமும் வைத்துவிட்டு நான்கு நாள் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இன்றைக்கு மத்தியானம் டப்பாக்காரர் வந்தார். கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டு. திட்டப் போகிறார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. வண்டிக்குள் இருந்த சாமான்களை ஒரு பையில் எடுத்துக்கொண்டார். போகும்போது என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "அக்கா, உங்க பொண்ணு வண்டியிலயும் இதுதானே இருக்குன்னு சொன்னீங்க. பொண்ணுக்குச் சொல்லிட்டீங்களா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். நான் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன், துணி ஒரு பக்கம் கிழிந்துவிட்டது. இன்னும் இல்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், கோபமில்லை, புரியாமல் பார்த்தார். "இன்னைக்கே சொல்லிடுங்கக்கா, உள்ள இருந்து பார்த்தவன் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் சொல்லிவிட்டேன். இனி நீ செய்ய வேண்டியது இது. மழை வரவில்லை, வானம் வெளுத்திருக்கிறது என்றெல்லாம் பேசாமல் அந்தக் குழாய் கழலும் வரைக்கும் பஸ்ஸில் போ, தாமதமானால் ஆகட்டும், கிடங்கு உன்னைவிடப் பெரியது இல்லை. பழைய ஏர் ஃபில்டர் பெட்டியில் ஓட்டை போட்டு மணிபிளான்ட் வைத்திருக்கிறேன் என்று படம் அனுப்பினாயே, அந்தப் பெட்டி இனி செடிக்குத்தான் ஆகும். சாயங்காலம் பழைய வண்டிகளை உடைக்கிற யார்டுக்குப் போய் உன் மாடலுக்கு ஒரு பெட்டி தேடி எடுத்துக் கழுவி வைத்திருக்கிறேன், பார்சலில் அதுதான் வருகிறது, புது ஃபில்டரும் உள்ளேயே இருக்கிறது. சக்கர மறைப்பைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பி. குழாய்க்கு மேலே இருக்கிற சென்சாரின் வயரை இழுக்காதே, பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கை அமுக்கினால் தானாக வரும். அப்புறம் டேஷ்போர்டில் அந்த மஞ்சள் இன்ஜின் விளக்கு. அது எரிகிறது, மேலே ஒரு பூ ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன் என்று போன மாதம் சொல்லிச் சிரித்தாய். அந்தக் குழாயோடு வந்த பாட்டில் எண்ணெயை ஃபில்டரில் தாராளமாகத் தடவச் சொன்னேனே, அது சென்சாரில் போய்ப் படிந்திருக்கும், அதற்குத்தான் விளக்கு எரிகிறது. அதற்கென்று இருக்கிற ஸ்பிரேயால் மட்டும் துடை, விரல் படக் கூடாது. முதலில் அந்தப் பூவைப் பிய்த்து எடு. மூன்று போல்ட், ஒரு கிளாம்ப், நீயே செய்துவிடுவாய், போடும்போது அவ்வளவு சுத்தமாகச் செய்தவள்தானே. சந்தேகம் வந்தால் வீடியோ காலில் அப்பாவைக் கூப்பிடு, என்னை வேண்டாம். அவர் இந்தக் கடிதம் முழுவதையும் படித்துவிட்டார். தும்பிக்கை என்று நான் அன்றைக்கே சொன்னேன் என்று சொல்லிக் காட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து போய் உன் பழைய போட்டோவைத் துடைத்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அது இன்னும் பயமாக இருந்தது.

இன்னொன்றும் உன்னிடம் சொல்ல வேண்டும். டப்பாக்காரர் போன பிறகு ஜாப் கார்டை எடுத்து, பொய்யை அடித்துவிட்டு, குழாயைத் தாழ இறக்கிப் பொருத்தியது நான், மழையில் ஒன்றும் ஆகாது என்று சொன்னதும் நான், அதனால்தான் இன்ஜினுக்குள் தண்ணீர் போனது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு நகல் எடுத்து என் பையில் வைத்திருக்கிறேன், அவர் அடுத்த வாரம் வியாழக்கிழமை வண்டிக் கணக்குப் பார்க்க வரும்போது கையில் கொடுப்பேன். முதலாளி பார்த்துவிட்டார். "நாளைக்கு வரும்போது நல்லா யோசிச்சுட்டு வா" என்றார். யோசித்துப் பார்த்தேன், வேலை போவது பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று உன்னிடம் பெருமை அடிக்க மாட்டேன். ஆனால் கண்ணை மூடினால் வேலை வரவில்லை, ஒரு வெளுத்த நீல காரும் மஞ்சள் கோடும்தான் வருகிறது. நீ ஏதாவது அனுப்புகிறேன் என்று கிளம்பாதே, முதலில் அந்தக் குழாயைக் கழற்று. கழற்றியதை யாருக்கும் கொடுக்காதே, விற்காதே, இரண்டாக அறுத்துக் குப்பையில் போடு.

குளிரில் தலையை மூடிக்கொள், பஸ்ஸில் கதவோரம் நிற்காதே, சித்திக்கு ஒரு வார்த்தை போன் செய், இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறும் மிக்ஸியை ஓட்ட வேண்டியிருக்கும். எந்தத் தண்ணீரும் உன் காலுக்கு மேலே ஏறாமல், எந்த ரோடும் உன்னைப் பாதியில் நிறுத்தாமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். அந்த வியாழக்கிழமை டப்பாக்காரர் கேட்பார், சொல்லிவிட்டேன் என்று மட்டும் சொன்னால் அவருக்குப் போதாது, கழற்றிவிட்டாள் என்று நான் சொல்ல வேண்டும். அதனால் பெட்டியை மாற்றியதும் வண்டியை ஸ்டார்ட் செய்து போனை பானட்டுக்குப் பக்கத்தில் பிடி. நீ எதுவும் பேச வேண்டாம். அந்தத் தையல் மெஷின் சத்தம் எனக்குக் கேட்டால் போதும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிற,
உன் அம்மா